தீட்டிய விளிம்பு

புகைப்படத்துக்காகக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தபோது, கள ஆய்வாளரின் ஆள்காட்டி விரல் அதன் விளிம்பு நெடுகிலும் வழுக்கிக்கொண்டு சென்றது. கீறவில்லை. கீறியிருக்க வேண்டும். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே படிக்கட்டு திரும்பும் இடத்தில், சுவரில் நான்கு என்று சிவப்பு வண்ணத்தால் எழுதப்பட்டிருந்த எண்ணுக்குக் கீழே, ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள அந்தக் கண்ணாடித் துண்டு விரிசலின் குறுக்கே ஒட்டப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில், இஸ்திரி போட்ட உடையில், மூன்றாம் மாடியில் குடியிருந்து துணி தைத்துப் பிழைக்கும் தையலம்மா படத்துக்கு நிற்பதற்காகக் காத்திருந்தார்.

“பல்லு தெரியச் சிரிக்கணுமா, சும்மா நின்னா போதுமா?”

“கொஞ்சம் இருங்கம்மா.”

“பல்லு தெரியணும்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு முன்பல்லு ஒண்ணு ஆடுது.”

ஆய்வாளரான அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, விரலை மறுபடியும் விளிம்பின்மேல் மேலிருந்து கீழாக ஓட்டினாள். கடைந்த மோரைப் போல வழவழவென்றிருந்தது. பிறகு, பன்னிரண்டு படி இறங்கிப் போய், மூன்றாம் எண்ணிட்ட கண்ணாடியின் விளிம்பில் அதே விரலை வைத்தாள். வைத்த வேகத்திலேயே எடுத்தாள். நகத்தின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தோன்றி, ஒரு துளியாகத் திரண்டது. மேலே தையலம்மா கைப்பிடியைப் பற்றியபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “படம் எடுக்கலையா?” என்று அவர் கேட்ட குரல், சற்று முன் பல்லைப்பற்றிப் பேசிய குரலாக இல்லை.

பழுதுற்ற குடியிருப்புகளில் விரிசலின் குறுக்கே இவ்வாறு கண்ணாடி ஒட்டுவது கட்டடத் தர மேம்பாட்டு வாரியத்தின் வழக்கம். கண்ணாடி வளையாது, நீளாது, யாருடைய முகத்துக்காகவும் பொறுத்துப்போகாது. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். ஆகையால், களத்தில் வேலை செய்பவர்கள் அதைச் சாட்சி என்று அழைப்பார்கள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து ஒவ்வொரு சாட்சியையும் கையால் தொட்டுப் பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ஆய்வுகளில் எல்லாம் முழுமையாக இருந்தால் அந்தக் கட்டடம் ‘உறுதிநிலை எய்தியது’ என்னும் பட்டியலில் சேரும். ஒன்றே ஒன்று உடைந்திருந்தாலும் குடியிருப்பவர்கள் அனைவரையும் அன்றைக்கே வெளியேற்றியாக வேண்டும். விதி இவ்வளவுதான், தெளிவான விதி. அந்த விதிப்படி, சென்ற ஆண்டு அறுபத்தொரு கட்டடங்கள் உறுதிநிலை எய்தின. இவ்வாண்டு நூறு. நூறாவது கட்டடம் இது. முப்பத்திரண்டு குடும்பங்கள். ஆண்டு முன்னேற்ற அறிக்கை அச்சகத்தில் இருந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அமைச்சர் அதை வெளியிடுவார். இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு படத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். புன்னகைக்கும் குடியிருப்பாளர் ஒருவர், அருகில் உடையாத கண்ணாடி. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அப்போது மணி மூன்றே கால்.

அறிக்கையை அவளும் படித்திருந்தாள். அதில் ஒரு பகுதியை எழுதியும் இருந்தாள். விரிசல் என்ற சொல் அதில் எங்கும் வராது. ‘மேற்பரப்பு மாறுபாடு’ என்றே வரும். சீர்செய்யப்பட்டது, கண்காணிக்கப்பட்டது, குடியமர்த்தப்பட்டனர் என்று வாக்கியங்கள் வரிசையாக நிற்கும். யார் சீர்செய்தார், யார் கண்காணித்தார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். பக்கத்துக்குப் பக்கம் வேலை நடந்திருக்கும். செய்தவர் மட்டும் இருக்கமாட்டார்.

வாரியத்தின் பண்டகசாலையில் கண்ணாடிகளைப் பெட்டி பெட்டியாக வெட்டி வைத்திருப்பார்கள். விளிம்பை யாரும் தீட்டுவதில்லை. சுவரில் ஒட்டப்போகும் துண்டுக்கு அந்த வேலை எதற்கு? ஏழரை மாதத்துக்கு முன் இங்கே ஆறு துண்டுகளையும் ஒட்டிமுடித்த அன்று அவளுடைய விரல்களில் மூன்று இடங்களில் பிளாஸ்திரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் குடியிருப்பவர்கள் அவளுக்குக் ‘கண்ணாடியம்மா’ என்று பெயரிட்டார்கள். அவள் மூக்குக்கண்ணாடி அணிபவள் அல்லள். ஆகையால், அந்தப் பெயரைக் கேட்டு அவளைத் தேடி வந்தவர்கள் அவளையே தாண்டிப் போனதுண்டு.

வெட்டிய கண்ணாடியின் விளிம்பைத் தீட்டுபவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தாம் இருந்தார். தரைத்தளத்தில் பிரேம் கடை வைத்திருப்பவர். ஒரே நாளில் நூறு கண்ணாடி வெட்டினாலும், ஒவ்வொன்றையும் கல்லில் நான்கு தேய் தேய்க்காமல் கீழே வைக்காத மனிதர்.

அவள் கடைக்குள் நுழைந்தபோது, அவர் யாரோ ஒரு தம்பதியின் படத்துக்குப் பின்புறம் அட்டை வைத்துச் சிற்றாணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இன்னும் நான்கு ஆணிகள் இருந்தன. அவள் விரலை அவர்முன் நீட்டினாள்.

“மூணாம் நம்பர் கீறிடுச்சு. நாலாம் நம்பர் கீறல.”

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தார். பின்னாலேயே இறங்கி வந்திருந்த தையலம்மா கடைவாசலில் நின்றார்.

“தீட்டாமக் குடுத்திருந்தா என்னவாம்?” என்றார் தையலம்மா, அவரை நோக்கி.

“கைப்பழக்கம்மா. விளிம்ப அப்படியே விட்டா எனக்குச் சோறு இறங்காது.”

“உங்க கைப்பழக்கம் இப்ப எல்லாரையும் தெருவுல நிறுத்தப் போகுது.”

“ஒட்டினது நீங்கதானே? நானா ஒட்டினேன்?”

“ஆமா, நான்தான் ஒட்டினேன். உங்க ஆளுங்க அரைமூட்டை வெள்ளை சிமெண்ட மாடிப்படியிலேயே விட்டுட்டுப் போனாங்க.” கடைசி வாக்கியம் ஆய்வாளருக்கு. “நான்தான் ஒட்டினேன். எழுதிக்கோங்க.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேருக்குத்தான்.”

“எத்தனை தடவ?”

பிரேம் கடைக்காரர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். அதனுள் செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டப்பட்ட பொட்டலங்கள் இருந்தன. நான்கு.

“உடைஞ்ச கண்ணாடிய நான் சும்மா குப்பையில போடமாட்டேன். அள்ளுறவங்க கை போயிடும். பேப்பர்ல சுத்தித்தான் போடுவேன்.” அவர் சற்று நிறுத்தினார். “இத அப்படிப் போடவும் பயமா இருந்துச்சு. யாராவது பிரிச்சுப் பாத்துட்டா? அதான் வெச்சிருந்தேன்.”

“பழைய பேப்பரா, அன்னன்னைக்கு வந்ததா?”

“அன்னன்னைக்கு வந்ததுதான். பழசெல்லாம் படத்துக்குப் பின்னாடி போயிடும்.”

அவள் பொட்டலங்களைப் பிரிக்கவில்லை. செய்தித்தாளின் மேல்விளிம்பில் தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் திருப்பி, வெட்டும் மேசையின்மேல் வரிசையாக வைத்தாள். பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, முதன்முதலில் கண்ணாடி ஒட்டிய தேதியைப் படித்தாள். பிரேம் கடைக்காரர், கேட்காமலேயே, சுவரிலிருந்த நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். அளவு தவறினால் கண்ணாடி வீணாகும் என்று தெரிந்த கை அது. தாளுக்குத் தாள் விரல் வைத்து, உதடு அசைய எண்ணியது.

“முதல் கண்ணாடி நூத்திப் பத்தொன்பது நாள் இருந்திருக்கு” என்றார். அடுத்த பொட்டலத்துக்கு நகர்ந்தார். “இது அறுபத்து நாலு.” மூன்றாவதை எண்ண அதிக நேரம் ஆகவில்லை. “முப்பத்தொண்ணு.” நான்காவதன்மேல் விரலை வைத்தவர் இருமுறை எண்ணினார். “பதிமூணு.”

கடைக்கு வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. சுவரில் மாட்டியிருந்த வெற்றுச் சட்டங்கள் மெல்ல ஒலித்து அடங்கும்வரை மூவரும் அசையவில்லை.

“இப்ப இருக்கறத எப்ப ஒட்டினீங்க?”

“போன வெள்ளிக்கிழமை” என்றார் தையலம்மா. “எங்க வீட்டுக்காரர டயாலிசிஸ் முடிச்சுக் கூட்டிட்டு வரேன், உடைஞ்சு கிடக்கு. அன்னிக்கே ஒட்டிட்டேன்.”

“இன்னியோட ஆறு நாள்.”

தையலம்மா மேசையை நெருங்கி வந்து நான்கு பொட்டலங்களையும் பார்த்தார். தம் கையால் ஒட்டியவற்றின் கதைதான். ஆயினும், புதிதாகக் கேட்பவரைப்போலப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் உடைந்த ஒரு கண்ணாடியைத்தான் அவர் கண்டிருந்தார். உடைந்தது, மாற்றினோம், கவலை தீர்ந்தது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. படித்தவர்கள் நிறைந்த வாரியத்திலேயே ஓர் ஆண்டின் அறிக்கையை மற்றோர் ஆண்டின் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. இவரை என்ன சொல்வது?

அவள் தெருவுக்கு இறங்கித் துணை இயக்குநரை அழைத்தாள். அவர் அச்சகத்தில் இருந்தார். பின்னணியில் இயந்திரத்தின் ஓசை கேட்டது.

“என்னம்மா, படம் வரலையே. இங்க மிஷின நிறுத்தி வெச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“சார், நாலாம் நம்பர் உடைஞ்சிருக்கு. நாலு தடவ. அவங்களே மாத்தி ஒட்டியிருக்காங்க.”

“இப்ப சுவத்துல இருக்கறது?”

“அது முழுசாத்தான் இருக்கு. ஆனா அது நம்மளோடது இல்ல, சார்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. முழுசா இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப படத்த எடுத்து அனுப்பு. நாளைக்கு வெளியீடு முடியட்டும். நாளன்னைக்குப் போய், திடீர்னு உடைஞ்சிருக்குன்னு எழுது. நானே கூட கையெழுத்துப் போடறேன். ஒரு நாள்ல சுவரு என்ன எழுந்து ஓடியா போயிடும்?”

“கடைசியா பதிமூணு நாள்ல உடைஞ்சிருக்கு. இப்ப ஆறாவது நாள், சார்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏறக்குறைய அன்பாகவே பேசினார். “நூத்தி எண்பதாவது நாள் ஆய்வுல, தொட்டுப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நானா? யோசிச்சுக்கம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மழை. அன்று அவள் பார்க்க வேண்டியவை ஐந்து கட்டடங்கள். அவளுடைய பொறுப்பில் இருந்தவை நாற்பத்து மூன்று. இரண்டு படி கீழே நின்றபடியே டார்ச் அடித்தாள். கண்ணாடி முழுமையாக மின்னியது. படிவத்தில் ‘ஆம்’ என்னும் கட்டத்தில் குறியிட்டாள். முதல் ஆய்விலும் அவள் தொடவில்லை. ஆனால் அப்போது சுவரில் இருந்தது வாரியத்தின் கண்ணாடி. அந்தக் குறி பொய்யென்றாலும் கண்ணாடி பொய்யில்லை. நூற்றெண்பதாவது நாளில் இருந்தது மாற்றுக் கண்ணாடி. அதற்கு அன்று இன்னும் மூன்று நாள் ஆயுள் இருந்தது. விரலை ஒருமுறை ஓட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவள் மனத்துக்குள் அந்தத் தொலைவைக் கணக்கிட்டாள். இரண்டு படி.

திரும்பக் கடைக்குள் போனபோது தையலம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன சொல்றாரு உங்க ஆபீசரு?”

அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள்.

“எதிர்வரிசைக்காரங்கள ஆறு மாசம்னு சொல்லி லாரியில ஏத்தினீங்க. மூணு வருஷமாச்சு. இன்னும் தகரக் கொட்டகையில இருக்காங்க. அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ்ஸு, ஒண்ணேகால் மணி நேரம். அவருக்கு வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும். இங்கேருந்து ரெண்டே தெரு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டே நடந்து போயிடுவாரு. இந்தக் கண்ணாடிய எதுக்கு மாத்தினேன்னு கேட்டீங்கன்னா, இதுக்குத்தான்.”

“தெரியும்மா.”

“தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பீங்க.”

எதிர்வரிசையைப்பற்றி, இருபத்தாறு குடும்பங்கள் பாதுகாப்பான மாற்று வசிப்பிடங்களில் குடியமர்த்தப்பட்டன என்ற வாக்கியத்தை எழுதியவள் அவள்தான். அந்த இருபத்தாறில் இன்று எத்தனை அங்கே இருக்கின்றன, எத்தனை பேர் சிகிச்சையை விட்டார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் கேள்வியும் இல்லாமற்போவது எவ்வளவு வசதி!

“நான் தொட்டுப் பாக்கலம்மா” என்றாள் அவள். “ரெண்டாந்தடவ மழையில வந்தேன்ல, அன்னிக்கு. டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டேன். தொட்டேன்னு எழுதினேன்.”

“அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தேன்” என்றார் தையலம்மா. “நீங்க அதத் தொட்டுடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு.”

பிரேம் கடைக்காரர் நாட்காட்டியை மறுபடி மாட்டப் போனவர், மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “அடுத்தது எத்தன நாள்ல உடையும்?”

“தெரியாதுங்க.”

“ஒரு கணக்குப் போட்டா?”

“அது கணக்குக்குக் கட்டுப்படாது. அடுத்த வாரமும் ஆகலாம். இப்ப நாம பேசிட்டு இருக்கும்போதும் ஆகலாம்.”

“நானே போய் அத உடைச்சிடவா? அப்பத்தான் மத்தவங்க நம்புவாங்க.”

“வேண்டாம். அது ஒண்ணுதான் இப்ப நமக்குத் தகவல் சொல்ல இருக்கு.”

களப் பதிவேட்டின் தாள்களுக்கு எண் உண்டு, கிழித்தால் தெரிந்துவிடும். எழுதுவதன் நகலொன்றைக் குடியிருப்பவரிடம் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்பதும் விதி. அந்த விதியை யாரும் பின்பற்றுவதில்லை; நீக்குவதற்கும் யாருக்கும் நினைவில்லை. அவள் கார்பன் தாளை வைத்து, வெட்டும் மேசையின் ஓரத்தில் பதிவேட்டைச் சாய்த்து எழுதத் தொடங்கினாள். ‘நான் நூற்றெண்பதாம் நாள் ஆய்வில் சாட்சிகளைத் தொடவில்லை’ என்பது முதல் வாக்கியம். பதினோர் ஆண்டுப் பணியில் அந்தப் பதிவேடுகளில் ‘நான்’ என்று அவள் தொடங்கியது அதுவே முதன்முறை. பிறகு நான்கு தேதிகள், நான்கு எண்ணிக்கைகள். படிக்கட்டுச் சுவரிலேயே பால்கனிகளும் தொங்குகின்றன என்பது. கட்டடத்தை உடனே காலி செய்ய வேண்டும் என்பது.

“ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல இடம் குடுக்கணும்னு எழுதுங்க” என்றார் தையலம்மா.

“எழுதறேன். எழுதினா குடுப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

“குடுக்கமாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். எழுதாம விட்டா நாளைக்குப் போய்க் கேக்கக்கூட வழி இருக்காது. அந்தக் கொட்டகைய மாற்று வசிப்பிடம்னு எழுதாதீங்க. கொட்டகைன்னே எழுதுங்க.”

அவள் கொட்டகை என்றே எழுதினாள். தையலம்மா கையொப்பமிட்டு, நகலை நான்காக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். எழுந்தவர் மாடிக்கு ஏறினார். அவர் நான்காம் எண்ணைக் கடக்கும்போது சுவரை விட்டு விலகி, கைப்பிடியோரமாக நடந்ததைக் கீழிருந்து அவள் கண்டாள்.

கைப்பேசி இருமுறை அடித்து நின்றது. அவள் மேல்தளத்திலிருந்து தொடங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஐந்தாம் மாடியில் ஒருவர், குளித்த ஈரம் சொட்ட, “நாங்க பாஸாகிட்டோம்னு நீங்கதானே ரெண்டு மாசம் முன்னாடி சொல்லிட்டுப் போனீங்க?” என்று கேட்டார். வேறொரு வீட்டில், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியைக் கீழே வைக்காமலே, “வீட்டுக்காரர் வரட்டும், அக்கா. அவரு வந்துதான் முடிவு பண்ணணும்” என்றாள். நான்காம் மாடியில் ஒரு பெரிய குடும்பம். மூத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுடன் இறங்கி வந்து, கண்ணாடியை வெகுநேரம் குனிந்து பார்த்தார். தொட்டும் பார்த்தார். “முழுசாத்தானேம்மா இருக்கு? நீங்கதானே சொன்னீங்க, உடைஞ்சா மட்டும் பயப்படுங்கன்னு?” அவரிடம் விளிம்பைப்பற்றியும் பொட்டலங்களைப்பற்றியும் அவள் சொல்லச் சொல்ல, அவருடைய முகம் கடினமாயிற்று. “உங்க ஆபீஸுக்குள்ள ஏதோ சண்டை போல. அதுக்கு நாங்க ஏன் தெருவுக்கு வரணும்?” என்று சொல்லிவிட்டு மேலே போனார். கோபத்தில் அவர் படிகளை ஓங்கி மிதித்துச் சென்ற ஒவ்வோர் அடிக்கும் அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரை மணிக்குத் தையலம்மாவின் கணவர் இறங்கினார். ஒல்லியான மனிதர்; இடக்கையில் ஊசி குத்தி வீங்கிய நரம்புகளைத் துண்டால் மூடியிருந்தார். சுவரைப் பிடிக்கப் போன அவருடைய கையை அவள் எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். “எல்லாரும் சேந்து எங்கேயோ சுற்றுலா போறோமா?” என்று அவர் கேட்டார். யாரும் சிரிக்காததால், தாமே சிறிது சிரித்துக்கொண்டார். எதிர்ப்பக்க நடைபாதையில், பிரேம் கடையின் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். பிறகு கடைக்காரரும் தையலம்மாவும் தையல் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். “மெதுவா, மெதுவா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாதி தைத்த பச்சைத் துணியொன்று ஊசியிலிருந்து கழற்றப்படாமல் அதனுடனேயே வந்தது. இயந்திரம் தெருவைக் கடக்கும்போது ஒரு பேருந்து நின்று வழிவிட்டது.

வேறு யாரும் இறங்கவில்லை.

நடைபாதையில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். தையல் இயந்திரம் தெருவுக்கு வந்ததைக் கண்டு ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் பால்கனிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் மாடியில் மூவர். ஐந்தாம் மாடியில், ஈரத்தலையுடன் அந்த மனிதர். நான்காம் மாடியில் பெரிய குடும்பம் முழுவதும் வந்துவிட்டது. நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக எட்டுப் பேர் கைப்பிடிச்சுவரில் முழங்கை ஊன்றி, முன்னால் சாய்ந்து, தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். உள்ளேயிருந்து ஒன்பதாவது ஆள் ஒருவர் அவர்களுக்கு நடுவே இடம் தேடிக்கொண்டிருந்தார். அவள் கத்தினாள், பேருந்து கிளம்பிய இரைச்சலில் குரல் மேலே எட்டவில்லை. பதிவேட்டை நடைபாதையிலேயே போட்டுவிட்டு, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, பின்னால் போங்கள், உள்ளே போங்கள் என்று பலமுறை வீசிக் காட்டினாள்.

மேலே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, சுவரில் இன்னும் சற்றுச் சாய்ந்து, அவளை நோக்கி அவர்களும் கையசைத்தார்கள்.